கேள்வி முடியுமுன்னே பதில்

அவனை எனக்குப் பிடிக்காது. இதை எழுதி முடிக்கும்போதும் பிடிக்கப்போவதில்லை. ஆனால் மருத்துவ பீடத்தில் கழித்த வருடங்களை நினைத்தால் முதலில் வந்து நிற்பது அவனுடைய முகம்தான். அவனை விட்டுவிட்டு அந்த நாட்களைப் பற்றி எழுத முடியவில்லை. பெயர் வேண்டாம். யாழ்ப்பாணம் சின்ன இடம். அவன் இப்போது பெரிய டொக்டர்.

யாராவது கேள்வி கேட்கத் தொடங்கினால் அவன் அவர்களுடைய கண்ணைப் பார்க்கமாட்டான். வாயைப் பார்ப்பான். எந்தச் சொல்லில் கேள்வி பிடிபடுகிறதோ அந்தச் சொல்லிலேயே பாய்ந்து பதிலைத் தொடங்கிவிடுவான். மிச்சக் கேள்வி கேட்டவரின் வாய்க்குள்ளேயே கிடக்கும். சில நேரம் நாங்கள் கேட்க வந்தது வேறொன்றாக இருக்கும். அதைச் சொல்லவும் இடம் கிடைக்காது.

எங்கள் பல்கலைக்கழகங்களில் "குப்பி" என்று ஒன்று உண்டு. விளங்கிய மாணவர் விளங்காத மாணவருக்கு எடுக்கிற வகுப்பு. சோதனை நெருங்கினால் வெறுமையாகக் கிடக்கிற ஏதாவதொரு விரிவுரை மண்டபத்தில் நாலைந்து பேர் கூடிவிடுவோம். நோயியலுக்கும் மருந்தியலுக்கும் குப்பி எடுப்பவன் அவன்தான். நோய் எப்படி உண்டாகிறது, மருந்து எந்த இடத்தில் போய் அதை மறிக்கிறது என்பதைப் பலகையில் அம்புக்குறி அம்புக்குறியாகக் கீறிக்கொண்டு போவான். மருந்து வேலை செய்யும் இடத்தில் அம்பின் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான்.

அவன் கெட்டிக்காரன் என்பதை மறைக்கமாட்டேன். இருதயம் செயலிழப்பதைப் பற்றி அவன் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் நிற்கிறது.

"இருதயம் களைச்சுப் போச்சு. இரத்தத்தைத் தள்ள ஏலாது. அப்ப சிறுநீரகத்துக்கு இரத்தம் குறைவாப் போகுது. சிறுநீரகம் என்ன நினைக்கும்? உடம்பிலை இரத்தமே இல்லையெண்டு நினைக்கும். உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும். ஏற்கெனவே ஏலாமல் கிடக்கிற இருதயத்துக்கு மேலை இன்னும் சுமை. கால் வீங்கும், மூச்சு முட்டும். உதவி செய்யிறன் எண்டு வந்து ஆளை முடிக்கிற சொந்தக்காரன் மாதிரி."

நாங்கள் சிரித்தோம். சிரித்தபடியே எழுதிக்கொண்டோம். விரிவுரையாளர் இரண்டு மணித்தியாலம் சொல்லியும் ஏறாதது அவன் சொன்னால் ஏறியது. அதனால்தான் அவனைச் சகித்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். சோதனை எல்லாருக்கும் முன்னால் நின்றது.

அவனிடம் இல்லாதது ஒரேயொரு சொல். "தெரியாது" என்று அவன் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. இதை முதலில் கண்டுபிடித்தவள் கேமா. கரவெட்டிப் பெட்டை, எங்கள் கூட்டத்தில் வாய்க்காரி. ஒருநாள் குப்பி நடுவில் கையை உயர்த்தினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"கரவெட்டலோல் எண்டு ஒரு புது மருந்து வந்திருக்காம். அது என்ன செய்யும்?"

அப்படி ஒரு மருந்து உலகத்தில் இல்லை. தன்னுடைய ஊர்ப்பெயரில் வாலை ஒட்டிவிட்டிருந்தாள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவன் பலகைக்குத் திரும்பிவிட்டான்.

"பேர் லோல் எண்டு முடியுது. அப்ப இருதயத் துடிப்பைக் குறைக்கிற கூட்டம். இது புதுசு, அதாலை நுரையீரலைத் தொடாது. ஆஸ்மாக்காரருக்குக் குடுக்கலாம். ஆனால் கனவு வரும், கை கால் குளிரும். ஈரல் பழுதான ஆக்களுக்குக் குறைச்சுக் குடுக்கவேணும்."

ஈரல் வரைக்கும் போய்விட்டான். கேமா மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள். மண்டபமே சிரித்தது. விசயம் என்னவென்று அவனுக்குச் சொன்னதும் கொஞ்சமாவது வெட்கப்படுவான் என்று பார்த்தேன். இல்லை.

"அப்பிடி ஒரு மருந்து இருந்தால் இப்பிடித்தான் வேலை செய்யும்" என்றான். துடைப்பானை எடுத்துப் பலகையை அழித்துவிட்டு அடுத்த நோய்க்குப் போய்விட்டான்.

அன்றைக்கு அது பகிடி. எனக்கு அது பகிடியாக இல்லாமற்போனது மருந்தியல் வாய்மொழிச் சோதனையில். மனநோய்க்குக் கொடுக்கிற லித்தியம் என்ற மருந்தைப் பற்றிக் கேட்டார்கள். அதைப் போடுகிறவர்களுக்குச் சிறுநீர் அளவுக்கு மிஞ்சிப் போகும். ஏன் என்பது கேள்வி. குப்பியில் இதே கேள்வியை நான் கேட்டிருந்தேன். சிறுநீரைக் கட்டுப்படுத்துகிற ஹோமோன் மூளையிலிருந்து சுரப்பதை லித்தியம் மறித்துவிடுகிறது என்று அவன் அம்பும் கோடும் போட்டுக் காட்டியிருந்தான். அதையே சொன்னேன்.

பரீட்சகர் வயதான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப அந்த ஹோமோனை ஊசியாக் குடுத்தால் சரிவரவேணுமே, பிள்ளை. ஏன் சரிவாறேல்லை?"

ஹோமோன் சுரக்கத்தான் செய்கிறது, அது சொல்வதைச் சிறுநீரகம் கேட்பதில்லை, லித்தியம் கெடுப்பது அந்த இடத்தில் என்பதை அவர்தான் சொன்னார். பிறகு, "உதை எங்கை படிச்சனீர்?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அந்தத் தடவை அரும்பொட்டில், மயிரிழையில் பாஸ் பண்ணினேன்.

வெளியே வந்து அவனிடம் கேட்டேன். அவன் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே. நீர் விளங்கின விதம் பிழை" என்றான்.

என்னுடைய கொப்பியில் அவனுடைய கையாலேயே கீறிய அம்பு இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் வந்திருக்கும்.

இறுதிச் சோதனை வந்தபோது படிக்க இடம் தேடினோம். எங்கள் வீடு உரும்பிராயில், தெருவிலிருந்து உள்ளுக்கு, தோட்டத்தை ஒட்டி. சத்தமில்லாத வீடு. ஒரு பெரிய விறாந்தை. கேமாவும் அவனும் வந்து போகத் தொடங்கினார்கள். அவனைக் கூப்பிடவேண்டாம் என்று மனம் சொன்னது. சோதனைப் பயம் கூப்பிட்டது.

அப்பா தோட்டத்தில் வெங்காயம் செய்கிறவர். அந்தப் போகம் வெங்காயத்தாள் எல்லாம் சுருண்டு முறுகிக் கிடந்தது. அப்பா ஒரு தாளைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் அவன் படலையைத் திறந்து வந்தான்.

"வேரிலை பங்கசு, பூஞ்சணம் ஐயா. தண்ணி கூடிப் போச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் இறையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே விறாந்தையில் ஏறினான்.

அப்பா அவனைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பின்னேரம் அவர்கள் போனபிறகு என்னிடம் சொன்னார்.

"நான் இவ்வளவு காலம் செய்யிறன். பயிருக்கு இது என்ன வருத்தமெண்டு எனக்கே இன்னும் பிடிபடேல்லை. விவசாயக் கந்தோர்த் தம்பியும் ரெண்டு தாளைக் கொண்டுபோய்ப் பாத்துத்தான் சொல்லுறன் எண்டவர். உவன் படலையிலை நிண்டே சொல்லிப்போட்டான்."

அம்மாவுக்கு ஆனால் அவனைப் பிடித்துவிட்டது. புட்டும் முட்டைப்பொரியலும் வைத்தால் ரசித்துச் சாப்பிடுவான். கோப்பையைத் தானே கழுவி வைப்பான். அம்மாவுக்கு மூட்டுவாதம். உடம்பின் காவற்படை சொந்த மூட்டுகளையே எதிரியென்று நினைத்து அடிக்கிற நோய். கைவிரல்கள் கோணத் தொடங்கியிருந்தன, உடுப்புப் பிழிய ஏலாது. அதைப் பற்றி அவனிடம் கேட்பாள். அவனும் உட்கார்ந்து விளக்கமாகச் சொல்லுவான். என்னிடமும் கேட்பாள்தான். அவள் எதைக் கேட்டாலும் நான் "பாத்துச் சொல்லுறன் அம்மா" என்பேன். அது என் பழக்கம். அவளுக்கு அது பதிலாகப் படுவதில்லை.

மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் அம்மா மருந்து எடுத்து வருவாள். இரண்டு குளிசைகள் முக்கியமானவை. ஒன்று மெதொற்றெக்சேற். காவற்படையை அடக்குகிற மருந்து. கிழமையில் ஒருநாள் மட்டும் நாலு குளிசையைச் சேர்த்துப் போடவேண்டும். மற்ற நாட்களில் தொட்டும் பார்க்கக்கூடாது. இன்னொன்று போலிக் அமிலம், விற்றமின். முதல் மருந்து உடம்பை அதிகம் வாட்டாமலிருக்க மற்ற நாட்களில் ஒவ்வொன்றாகப் போடுவது. இரண்டும் சின்ன மஞ்சள் குளிசை. கடதாசி உறையில் போட்டு மேலே எழுதிக் கொடுப்பார்கள்.

அந்தமுறை கிளினிக்கிலிருந்து வரும்போது நல்ல மழை. கோப்பாய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றே அம்மா நனைந்துவிட்டாள். கைப்பைக்குள் உறைகள் ஊறி மை கரைந்து, குளிசைகள் வெளியே வந்துவிட்டன. நல்லகாலம், ஒன்றோடொன்று கலக்கவில்லை. அம்மா அவற்றைத் துடைத்து இரண்டு சின்னப் போத்தல்களில் போட்டு வைத்தாள். எது எதென்பது மட்டும் மறந்துபோயிற்று.

மற்றநாள் நான் போட்டோக்கொப்பி எடுக்கச் சந்திக்குப் போயிருந்த நேரம், அம்மா இரண்டு போத்தலையும் கொண்டுபோய் அவனிடம் காட்டியிருக்கிறாள். நடந்ததைக் கேமா பிறகு சொன்னாள்.

"தம்பி, இதிலை எது விற்றமின்..." என்று அம்மா தொடங்க, அவன் ஒரு போத்தலைத் தொட்டானாம்.

"இதுதான் அம்மா. இதை நாளாந்தம் போடுங்கோ. மற்றது கிழமைக்கு ஒருக்கா."

"அம்மா, எதுக்கும் கிளினிக்கிலை ஒருக்காக் கேளுங்கோவன்" என்று கேமா சொல்லியிருக்கிறாள்.

"இதுக்கு ஏன் கிளினிக்? நாங்கள் என்னத்துக்குப் படிக்கிறம்?" என்று அவன் சிரித்தானாம். அம்மாவும் சிரித்திருக்கிறாள். வீட்டில் டொக்டர்மார் இருக்கிற பெருமை.

அவன் மாறித் தொட்டிருந்தான்.

நான் புத்தகத்துக்குள் கிடந்தேன். அம்மா ஒருநாள் புட்டை ஒதுக்கிவிட்டுக் கஞ்சி குடித்தாள். கேட்டதற்கு, "வாயெல்லாம் புண். சூடு பிள்ளை" என்றாள். இளநீர் வெட்டித் தரச்சொல்லி அப்பாவிடம் கேட்டாள். பிறகு காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று ஒரு பகல் படுத்தாள். எழும்பி மறுபடி சமைத்தாள். அவள் நோயாளி. நோயாளி படுத்தெழும்புவது வீட்டில் பழகிப்போன காட்சி.

சோதனைக்கு முந்திய கிழமை ஒரு காலை, விறாந்தையில் நடந்து நடந்து வாய்விட்டுப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். வாதநோய்க்கான மருந்துகள். மெதொற்றெக்சேற்றில் வந்து நின்றேன். வேகமாகப் பெருகுகிற கலங்களை அது முதலில் தாக்கும். அளவு மிஞ்சினால் வாய்ப்புண், காய்ச்சல், வெள்ளணுக் குறைவு, தோலில் கண்டல். வாய்ப்புண், காய்ச்சல் என்று இரண்டாந்தரம் சொல்லும்போது கிணற்றடியில் அம்மா உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

புத்தகம் எங்கே விழுந்ததென்று தெரியாது. ஓடிப்போய் அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே ஊதா ஊதாவாகக் கண்டல்.

"குளிசையை எப்பிடிப் போடுறியள் அம்மா?"

"அந்தத் தம்பி சொன்ன மாதிரித்தான். ஏன்?"

போத்தல்களை எடுத்துவரச் சொன்னேன். எது எதென்று எனக்கும் பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை. இரண்டையும் பையில் போட்டு, அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்துக் கலவையாளர் குளிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். கிழமைக்கொருமுறை போடவேண்டிய மருந்தை அம்மா நாள்தோறும் போட்டுக்கொண்டிருந்தாள். இரத்தம் எடுத்துப் பார்த்தபோது வெள்ளணு இருக்கவேண்டியதில் கால்வாசியும் இல்லை. ஒரு சின்னக் கிருமி போதும் என்றார் வாட்டு டொக்டர். அம்மாவைத் தனியறையில் போட்டார்கள். அந்த மருந்து உடம்பில் மறித்து வைத்திருக்கிற பாதையைச் சுற்றிக்கொண்டு போகிற மாற்று மருந்து ஒன்று உண்டு. அதை ஊசியாக ஏற்றத் தொடங்கினார்கள். மிச்சத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கிய நாளில் அவன் பார்க்க வந்தான். கையில் தோடம்பழம். கேமாவும் பின்னால் வந்தாள். நானும் அப்பாவும் கட்டிலருகில் நின்றோம்.

அவன் அப்பாவின் தோளில் கைவைத்து விளக்கத் தொடங்கினான். மருந்து எப்படிக் கலங்களின் பெருக்கத்தை மறிக்கிறது, வாயின் உட்தோல் ஏன் முதலில் போகிறது, எலும்பு மச்சை ஏன் சோர்கிறது, ஊசி மருந்து எந்த வழியால் போய்க் காப்பாற்றுகிறது. உள்ளங்கையில் விரலால் அம்பு கீறிக் காட்டினான். ஒரு பிழையும் இல்லை. அவ்வளவு தெளிவாக அந்த வாட்டில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு வாய் திறக்க நோகும். ஆனாலும் கையை நீட்டி அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, தெரியாமல்தானே சொன்னனீர்? பரவாயில்லை. யோசியாதையும்."

அவள் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். ஓம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அவன் அதற்குள்ளால் போயிருக்கலாம்.

"இல்லையம்மா, எனக்குத் தெரியும். நான் சரியாத்தான் காட்டினனான். நீங்கள்தான் போத்தலை மாத்திப் பிடிச்சிட்டியள்."

"மாத்தேல்லை" என்றாள் கேமா. "நான் பக்கத்திலை நிண்டனான். நீர் தொட்ட போத்தலைத்தான் அம்மா நாளாந்தம் போட எண்டு சாமியறையிலை கொண்டுபோய் வைச்சவ."

"அப்ப உறையிலை போடேக்கை கிளினிக்கிலை மாறியிருக்கும். ரெண்டும் ஒரே மஞ்சள்தானே. உப்பிடி நடக்கிறது சகஜம்."

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய கூந்தல் தலையணையில் கொத்தாக உதிர்ந்து கிடந்தது. அதை அவனும் பார்த்தான்.

"வெளியாலை போ" என்றேன்.

அதுவரை அவனை நான் ஒருமையில் பேசியதில்லை. ஒரு கணம் என் வாயைப் பார்த்தான். பிறகு தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனான். போகும்போது வாசலில் நின்ற தாதியிடம் சேலைன் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் வந்து பார்த்தாள். அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா பிழைத்தாள். முடி மறுபடி வளர்ந்தது, முன்னையதைவிட மெல்லிசாக. நான் அந்தச் சோதனைக்குப் போகவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்தவர்களோடு இருந்து எழுதினேன். அவன் பரிசோடு பாஸ் பண்ணினான் என்று கேமா சொன்னாள். அவனுடைய பெயர் வீட்டில் அடிபட்டால் அப்பா எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார். அம்மா மட்டும், "பாவம், இளம் பெடியன். பயந்திருப்பான். நீயும் மறந்துவிடு பிள்ளை" என்பாள். எத்தனை முறை சொன்னாள் என்று கணக்கில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சொன்னாள். அவளால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை என்று எனக்கு என்னிலேயே கோபம் வரும்.

நான் இப்போது வலிகாமத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். அவன் கொழும்பில் விசேட வைத்தியன். அவனுடைய விரிவுரைகளை இணையத்தில் பிள்ளைகள் பார்க்கிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணே, "டொக்டர், அவர் எவ்வளவு வடிவாச் சொல்லுறார்" என்று போனைக் காட்டினாள். ஓம் என்றேன்.

போன விடுமுறைக்கு அவன் பண்டத்தரிப்பில் தகப்பன் வீட்டுக்கு வந்திருந்தான். தகப்பன் இளைப்பாறிய அதிபர். ஒரு காலை அவரை நினைவில்லாமல் காரில் போட்டுக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். பக்கத்தில் இருந்தது அதுதான். உள்ளே வந்து என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்றான். பிறகு தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கிழவர் கண் திறந்தார். மகனைப் பார்த்து, "இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

"செவ்வாய், அப்பா."

அன்று வியாழக்கிழமை. நானும் திருத்தவில்லை, தாதியும் திருத்தவில்லை.

"நீரிழிவுக்கு என்ன மருந்து போடுற..." என்று நான் தொடங்கினேன்.

"மெற்போமின் மட்டும்தான். அது தனிய நிண்டு சீனியை இவ்வளவுக்கு இறக்காது. காலமை சாப்பிடாமல் விட்டிருப்பார். இப்ப சரிதானே, நான் வீட்டை கொண்டுபோறன்."

அவன் சொன்ன மருந்து உண்மையானால் கொண்டுபோகலாம். வேறு குளிசை ஏதாவது போட்டிருந்தால் சீனி மறுபடி இறங்கும். வீட்டில், நித்திரையில், யாரும் கவனிக்காமல் இறங்கும். அவன் கொழும்பில் இருக்கிறவன். தகப்பன் என்ன குளிசை போடுகிறார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"வீட்டிலை ஆர் மருந்து எடுத்துக் குடுக்கிறது?" என்று கேட்டேன்.

"தங்கச்சி. ஆனால் எனக்குத் தெரியும், நான்..."

"அவவுக்குப் போன் பண்ணி, இருக்கிற குளிசை முழுக்க எடுத்துக்கொண்டு வரச்சொல்லுங்கோ. அதுவரைக்கும் ஐயா இஞ்சைதான்."

"நான் ஒரு கொன்சல்டன்ற்" என்றான்.

"தெரியும். போன் பண்ணுங்கோ."

தங்கச்சி ஸ்கூட்டரில் வந்தாள். பையைக் கவிழ்த்தாள். மெற்போமின் இருந்தது. அதோடு இன்னொரு குளிசையும் இருந்தது, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிற சாதி. "உது கன காலமாப் போடுறார், அண்ணை" என்றாள். மத்தியானத்துக்கு முன்னமே கிழவரின் சீனி மறுபடி இறங்கியது. கட்டிலில் இருந்தபடியால் பிடித்துக்கொண்டோம். அன்று முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது.

நான் வேறு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, அவன் தாதிமார் இருவருக்கும் அந்தக் குளிசை எப்படி வேலை செய்கிறதென்று விளக்கிக்கொண்டிருந்தான். வயதானவர்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்தால் அது வெளியேறாமல் உடம்பில் தங்கிவிடுமாம், அதனால்தான் சீனி திரும்பத் திரும்ப இறங்குமாம், இப்படியான ஆட்களை ஒருநாளும் உடனே வீட்டுக்கு விடக்கூடாதாம். தாதிமார் வாய்பார்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினான்.

"அம்மா எப்பிடி? நாளைக்கு அப்பாவை விட்டால், பின்னேரம் ஒருக்கா வீட்டை வந்து அம்மாவைப் பாக்கட்டோ?"

நான் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். விரல்கள் கோணிவிட்டாலும் அந்த வேலையை மற்றவர்களிடம் விடமாட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"தகப்பனுக்கு இப்ப எப்பிடி?"

"சுகம் அம்மா. நாளைக்கு விடுவம்."

"கடவுளே எண்டு தப்பிட்டார்" என்றாள். அடுத்த காம்பை எடுத்தாள்.

"உங்களைப் பாக்க வரட்டோ எண்டு கேட்டவன்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

வரச்சொல்லு என்பாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"வந்தால் நான் சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி போட்டுக் குடுக்கவேணும். பரவாயில்லைத் தம்பி எண்டு இன்னொருக்காச் சொல்லவேணும். இவ்வளவு காலமும் உனக்காகத்தான் சொன்னனான். உனக்கு உள்ளுக்கை கிடந்து எரியக்கூடாது எண்டு. அவன்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல என்னாலை ஏலாது."

மற்றநாள் கிழவரைக் காரில் ஏற்றும்போது அவனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னேன். வரவேண்டாம், அம்மாவுக்கு உங்களைப் பார்க்க விருப்பமில்லை என்று, அப்படியே சொன்னேன்.

அவன் தலையாட்டினான்.

"மூட்டுவாதக்காரருக்கு உது வழமை. மூட்டிலை இருக்கிற அழற்சி மூளையையும் பாதிக்கும், மனம் சோரும். ஆக்களைப் பாக்க விரும்பமாட்டினம். ஒரு மனநல வைத்தியருக்குக் காட்டுங்கோ, அதுக்கு நல்ல மருந்துகள் இருக்கு" என்றான்.

புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. நான் கார்க் கதவைச் சாத்திவிட்டு வாட்டுக்குப் போனேன்.